வீதியோரம் நிற்கும் பொலிஸ் வாகனத்தைக் கடப்பது எப்படி? ஒன்ராறியோவின் ‘மூவ் ஓவர்’ சட்டம், எளிமையாக

சைரன் அடித்துக்கொண்டு பின்னால் ஒரு அம்புலன்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ரொறன்ரோவில் லைசன்ஸ் எடுத்த எவரும் உடனே பதில் சொல்வார்: வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். அதே அம்புலன்ஸ் 401 நெடுஞ்சாலையின் ஓரத்தில் விளக்குகள் மின்ன நின்றுகொண்டிருக்கிறது, நீங்கள் பின்னாலிருந்து வருகிறீர்கள் என்றால்? இங்கேதான் ஆளுக்கொரு பதில் வரும். “அதற்கும் நிற்க வேண்டும்” என்பார் ஒருவர். “60க்குக் குறைக்க வேண்டும்” என்பார் இன்னொருவர். “அது நெடுஞ்சாலையில் மட்டும், ஸ்காபரோ வீதிகளுக்கு இல்லை” என்பவரும் உண்டு. மூன்றுமே தவறு. முதலாவது பதிலின்படி ஓடினால் ஆளே சாகலாம்.

லைசன்ஸ் எடுத்துப் பல வருடமானவர்களுக்கு ‘மூவ் ஓவர்’, அதாவது ‘விலகிப் போ’ என்கிற இந்தச் சட்டத்தை யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு விதிகள், எதிரெதிர்த் திசைகள்

குழப்பத்தின் வேர், இரண்டு வேறு விதிகளை ஒன்றாக நினைப்பது.

முதலாவது, ஓடிவருகிற அவசர வாகனத்துக்கான விதி. அவசர வாகனம் என்று இங்கே நான் சொல்வது பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் வாகனங்களை. அது விளக்கும் சைரனும் போட்டுக்கொண்டு வரும்போது அதற்கு வேண்டியது வழி. ஆகவே நாம் வீதியின் வலது ஓரத்துக்குப் போய், சந்தியை அடைக்காமல் நிற்கிறோம்.

இரண்டாவது, நிற்கிற அவசர வாகனத்துக்கான விதி. அந்த வாகனம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு வழி தேவையில்லை. அதிலிருந்து இறங்கி வீதியோரத்தில் வேலை செய்கிற ஆட்களுக்குத்தான் இடம் தேவை. அதனால் நாம் அவர்கள் இருக்கும் பக்கத்தை விட்டு விலகிப் போக வேண்டும். அவர்கள் பெரும்பாலும் வலது ஓரத்தில் நிற்பதால் நாம் இடப்பக்கம் போகிறோம்.

முதலாவது விதியை இரண்டாவதன் இடத்தில் பாவித்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். விளக்கைக் கண்டதும் பழக்கத்தில் வலப்பக்கம் வெட்டுகிறீர்கள். அங்கேதான் பொலிஸ்காரர் நிற்கிறார், அங்கேதான் அடிபட்டவரை ஸ்ரெச்சரில் ஏற்றுகிறார்கள். அல்லது உங்கள் லேனிலேயே சடாரென்று பிரேக் அடித்து நிற்கிறீர்கள். பின்னால் 100 கி.மீ. வேகத்தில் வருகிற லொறி உங்கள் மேல் ஏறி, உங்களையும் சேர்த்து அவர்கள் மேல் தள்ளும்.

சுருக்கமாக: ஓடிவரும் வாகனத்துக்கு வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். நிற்கும் வாகனத்துக்கு வேகத்தைக் குறைத்து, அதிலிருந்து விலகிப் போங்கள்.

ஏன் ஒரு லேன் முழுதாக விட வேண்டும்?

ஊரில் ஒடுங்கிய வீதியின் ஓரமாக நடந்துபோகும்போது மினிபஸ் ஒன்று உரசுகிற மாதிரிக் கடந்துபோன அனுபவம் பலருக்கு இருக்கும். பஸ் படவில்லை. ஆனால் காற்று ஆளைத் தள்ளும், கால் தடுமாறும், நெஞ்சு ஒரு கணம் அடைக்கும். அந்த பஸ் 40 கி.மீ. வேகத்தில்தான் போயிருக்கும். நெடுஞ்சாலையோரத்தில் வேலை செய்கிறவருக்கு அதைவிட இரண்டரை மடங்கு வேகத்தில், ஒரு ஷிஃப்ட் முழுக்க, வாகனத்துக்குப் பின் வாகனமாக இதுவே நடக்கிறது.

அளவுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் ஒரு லேன், அதாவது கோடு போட்டுப் பிரித்த ஒரு ஓடுதடம், சுமார் 3.75 மீட்டர் அகலம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, பழுதான வாகனங்கள் ஒதுங்குவதற்காக விட்டிருக்கும் பகுதிக்கு சோல்டர் என்று பெயர். வலது சோல்டர் சுமார் 3 மீட்டர் இருக்கும். பெரிய லொறியின் அகலம் 2.6 மீட்டர். அது தன் லேனின் சரி நடுவில் ஓடினாலும், அதற்கும் வெள்ளைக் கோட்டுக்கும் இடையில் 57 சென்ரிமீட்டர்தான் மிச்சம். சோல்டரில் நிற்கும் பொலிஸ் கார் 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை வெளிப்பக்கமாக எவ்வளவு ஒதுக்கி நிறுத்தினாலும், காருக்கும் கோட்டுக்கும் இடையில் 70 சென்ரிமீட்டர் கிடைத்தால் நல்லது. இரண்டையும் கூட்டினால் ஒன்றேகால் மீட்டர் வரும்.

அந்த ஒன்றேகால் மீட்டருக்குள் ஒரு மனிதர் நிற்கிறார். பாதுகாப்பு அங்கியும் இடுப்புப் பட்டியும் போட்ட ஆள், 60 சென்ரிமீட்டர் இடம் பிடிப்பார். லொறியின் பக்கக் கண்ணாடியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கழித்துப் பார்த்தால் அவருக்கும் ஓடுகிற இரும்புக்கும் இடையில் மிஞ்சுவது இரண்டு சாண்.

லொறி ஒரு லேன் தள்ளிப் போனால் அந்த இரண்டு சாணோடு 3.75 மீட்டர் சேர்கிறது. சட்டம் நம்மிடம் கேட்பது இந்த இடைவெளியைத்தான்.

ரோ ட்ரக் காரரின் நிலைமை இன்னும் மோசம். பழுதான வாகனத்தை இழுத்துப்போகும் வண்டிதான் ரோ ட்ரக். அதை ஓட்டுகிறவர் காருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து சக்கரத்துக்குப் பட்டி கட்ட வேண்டும், எழும்பி வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோல்களை இயக்க வேண்டும். குனிந்து கட்டுகிற நேரத்தில் முதுகுதான் வீதிப்பக்கம் இருக்கும். வருகிற வாகனத்தை அவர் பார்ப்பதில்லை. நாம் அவரைப் பார்ப்போம் என்று நம்பித்தான் வேலை செய்கிறார்.

வேகம் ஏன் குறைய வேண்டும்?

லேன் மாறினாலே போதாதா, வேகத்தையும் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம்.

100 கி.மீ. வேகத்தில் ஒரு வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடும். ஓட்டுநரின் கவனம் ஒரு செக்கன் சிதறுகிறது. வாகனம் வெறும் 2 பாகை சரிந்து ஓடுகிறது. ஸ்டியரிங்கில் அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒரு செக்கனுக்குள் வாகனம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். மேலே சொன்ன இரண்டு சாண் இடைவெளி அரைச் செக்கனில் முடிந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் அதே சரிவு அதே நேரத்தில் 58 சென்ரிமீட்டரைத்தான் தின்னும்.

நிற்கும் தூரமும் இப்படித்தான். ஆபத்தைக் கண்டு, பிரேக்கில் கால் வைத்து, வாகனம் முழுதாக நிற்கும் வரை ஓடும் தூரம் அது. காய்ந்த வீதியில், ஒன்றரைச் செக்கனில் சுதாரிக்கிற ஒருவருக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 100 மீட்டர் தேவை. 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 45 மீட்டர். வேகம் பாதியாகவில்லை, தூரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதால், 60இல் மோதும்போது இருக்கும் சக்தி 100இல் இருப்பதன் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கண் போகும் பக்கம் கை போகும். நொறுங்கிக் கிடக்கும் காரையும் மின்னும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர், தெரியாமலே வாகனத்தை அந்தப் பக்கம் சாய்ப்பார். இரவில் அந்த விளக்குகளின் கூச்சத்தில், அவற்றுக்கு முன்னால் நிற்கும் ஆள் கண்ணுக்கே படமாட்டார். விளக்குத் தெரிகிறது, அதனால் எல்லாம் தெரிகிறது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம்.

ஆகவே லேன் மாறினால் இடைவெளி கிடைக்கிறது, வேகத்தைக் குறைத்தால் நேரம் கிடைக்கிறது. இரண்டும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 159ஆம் பிரிவு இது. நிற்கும் அவசர வாகனங்களுக்கான விதி 2003இல் வந்தது. மஞ்சள் விளக்கு மின்ன நிற்கும் ரோ ட்ரக்குகள் 2015 செப்டெம்பரில் சேர்க்கப்பட்டன.

விதி இரண்டு படியாக இருக்கிறது. முதற்படி எல்லோருக்கும், எப்போதும்: சிவப்பு அல்லது சிவப்பும் நீலமும் மின்ன நிற்கும் அவசர வாகனத்தையோ, மஞ்சள் மின்ன நிற்கும் ரோ ட்ரக்கையோ அணுகும்போது, வீதியின் அதே பக்கத்தில் போகிறவர் வேகத்தைக் குறைத்து அவதானமாகப் போக வேண்டும். இரண்டாம் படி, உங்கள் பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லேன் இருந்தால்: அந்த வாகனம் நிற்கும் லேனிலோ அதற்கு அடுத்த லேனிலோ நீங்கள் ஓடினால், பாதுகாப்பாக முடியுமென்றால் இன்னொரு லேனுக்கு மாற வேண்டும்.

“வேகத்தைக் குறைப்பதோடு கூடவே” மாற வேண்டும் என்றுதான் இருக்கிறது. பலர் இதை “ஒன்றில் மாறு, அல்லது குறை” என்று விளங்கி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதிய இடங்களும் உண்டு, அமெரிக்காவின் சில மாநிலங்களைக் கீழே பார்ப்போம். ஒன்ராறியோ அப்படியல்ல. இங்கே வேகத்தைக் குறைப்பதற்கு விலக்கே இல்லை. லேன் மாறுவதற்கு மட்டும்தான் “முடிந்தால்”.

எவ்வளவு குறைக்க வேண்டும்? ஒன்ராறியோச் சட்டத்தில் எண் இல்லை. போக்குவரத்து, வீதியின் நிலை, காலநிலை எல்லாவற்றையும் பார்த்து, யாருக்கும் ஆபத்து வராத அளவுக்கு என்கிறது. 60 என்ற கதை அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் பக்கமிருந்து வந்தது. அங்கே கடக்கும் வேகம் 60 கி.மீ. என்று சட்டமே சொல்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 80 அல்லது அதற்கு மேல் எல்லை உள்ள வீதியில் 70, மற்ற வீதிகளில் 40. ஒன்ராறியோவில் எண் இல்லை என்பதைச் சலுகையாக எடுக்க வேண்டாம். பனி கொட்டுகிற இரவில் 60கூட அதிகமாக இருக்கலாம்.

நெடுஞ்சாலையில் மட்டும்தான் என்கிற எண்ணத்துக்கு வருவோம். 401 போன்ற 400 வரிசை வீதிகளை மட்டும் நெடுஞ்சாலை என்று நாம் பேச்சில் சொல்கிறோம். அந்தச் சட்டத்திலோ பொதுமக்கள் பாவிக்கும் எல்லா வீதிகளுக்கும் அதே பெயர்தான். மார்க்கம் வீதியில் ஒரு காரை மறித்துவைத்துப் பொலிஸார் கதைத்துக்கொண்டு நின்றாலும் விதி ஒன்றேதான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி

இதைச் செய்வது கஷ்டமில்லை, நேரத்தோடு தொடங்கினால்.

தூரத்தில் மின்னும் விளக்கைக் கண்டதும் முதலில் அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுங்கள். பிரேக் பிறகு. கால் எடுத்தாலே வாகனம் மெதுவாகத் தொடங்கும், பின்னால் வருகிறவருக்கும் அது அதிர்ச்சியாக இராது. பிறகு நடுக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேலால் ஒரு பார்வை. இடம் இருந்தால் ஒரே ஒரு லேன் மாறுங்கள். மூன்று லேன் வெட்டி இடது கரைக்குப் போக வேண்டியதில்லை. ஆட்களைக் கடந்து நன்றாகத் தள்ளிப் போன பிறகு, பழைய லேனுக்குத் திரும்பலாம்.

அவசர வாகனம் இடது சோல்டரில், நடுத்தடுப்போடு ஒட்டி நின்றால்? வலப்பக்கம் விலகுங்கள். “எப்போதும் இடப்பக்கம்” என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

401 இல் பின்னேரம் ஐந்து மணிக்கு இடது லேன் அடைத்துப் போயிருக்கும், யாரும் விடமாட்டார்கள். சரி, அப்போது மாறாதீர்கள். பக்கத்தில் வருகிறவரை இடித்துக்கொண்டு மாறச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. சிக்னலைப் போட்டபடி வேகத்தை இன்னும் குறையுங்கள், உங்கள் லேனிலேயே அவதானமாகக் கடவுங்கள். இடது லேனில் ஓடுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு: வலப்பக்க வாகனம் ஏன் சிக்னல் போடுகிறது என்று விளங்கினால், கொஞ்சம் விட்டுக்கொடுத்து உள்ளே எடுங்கள்.

நெடுந்தூர லொறி ஓட்டுகிற நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். லொறிக்குப் பின்னால் கார் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். முன்னால் போகும் லொறி திடீரென்று இடப்பக்கம் மாறினால், அது யாரையும் முந்துவதற்காக இல்லாமலும் இருக்கலாம். அது விலகிய அடுத்த கணம் உங்கள் முன்னால் வெட்டவெளியும், அதன் ஓரத்தில் மின்னும் விளக்கும் ஆட்களும் இருப்பார்கள். லொறியோடு ஒட்டி ஓடியிருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு செக்கன்கூட இல்லை. முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு செக்கன் இடைவெளி வேண்டும் என்று ஒன்ராறியோவின் சாரதிக் கையேடு சொல்வதன் பெறுமதி அப்போது தெரியும்.

பாடசாலை பஸ் இந்தக் கணக்கில் இல்லை. சிவப்பு மின்ன நிற்கும் பாடசாலை பஸ்ஸுக்கு விலகிப் போகவே கூடாது, நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத வீதியில் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும்.

தண்டம், புள்ளி, இன்சூரன்ஸ்

முதல் தடவை பிடிபட்டால் தண்டம் 400 முதல் 2000 டொலர். வீதியில் கையில் தரும் ரிக்கெட், கூடுதல் கட்டணங்களோடு 490 டொலர். அதோடு 3 டிமெரிட் புள்ளிகள். டிமெரிட் புள்ளி என்பது குற்றத்துக்கேற்ப லைசன்ஸ் பதிவில் ஏறும் எண்ணிக்கை; அளவைத் தாண்டினால் லைசன்ஸ் இடைநிறுத்தப்படும். ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் செய்தால் 1000 முதல் 4000 டொலர், ஆறு மாதம் வரை சிறை, இரண்டு வருடம் வரை லைசன்ஸ் இடைநிறுத்தம் என்று போகும்.

“புள்ளி இரண்டு வருடத்தில் அழிந்துவிடும், பிறகு இன்சூரன்ஸுக்குப் பிரச்சினையில்லை” என்று சொல்லிக்கொள்கிறார்கள். புள்ளி குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் பதிவில் இருக்கும் என்பது சரி. ஆனால் இன்சூரன்ஸ் கொம்பனிகள் பார்ப்பது புள்ளியையல்ல, குற்றத்தீர்ப்பை. அதைப் பொதுவாக மூன்று வருடம் வரை கணக்கில் எடுப்பார்கள். ரொறன்ரோப் பக்கத்து இன்சூரன்ஸ் விலையைத் தெரிந்தவர்களுக்கு, 490 டொலர் இதில் சின்னக் காசு என்று சொல்லத் தேவையில்லை.

எங்கே தொடங்கியது, எல்லை தாண்டினால் என்ன?

1994 ஜனவரியில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லெக்சிங்ரன் என்ற இடத்தில், விபத்து ஒன்றுக்கு உதவப் போன பாராமெடிக் ஒருவரை, அதாவது அம்புலன்ஸில் வந்து முதலுதவி செய்பவரை, வாகனம் அடித்தது. அவர் மேலேயே பிழை என்று விசாரணையில் எழுதினார்கள். அடிபட்டவரைக் காப்பாற்ற வீதியில் நின்றவருக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. அவர் விடாமல் முயன்றதன் பலனாக 1996இல் அந்த மாநிலம் இந்த வகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. ஐம்பதாவதாக ஹவாய் 2012இல் சேர்ந்தது. கியூபெக்கும் அதே 2012இல்தான் கொண்டுவந்தது.

யாருக்காக விலக வேண்டும் என்ற பட்டியலும் நீண்டுகொண்டே வருகிறது. அவசர வாகனங்களில் தொடங்கி, ரோ ட்ரக், வீதிப் பராமரிப்பு வண்டி என்று வளர்ந்து, 2024இலிருந்து நியூயோர்க் மாநிலத்தில் ஓரத்தில் நிற்கும் எந்த வாகனத்துக்கும் விலக வேண்டும். புளோரிடாவும் அதே வருடம் பழுதாகி நிற்கும் வாகனங்களைச் சேர்த்தது. நான் சொல்வது, விளக்கின் நிறத்தை வைத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று யோசிப்பதையே விட்டுவிடுங்கள். ரயர் வெடித்து, பிள்ளைகளோடு ஓரத்தில் நிற்கும் குடும்பத்துக்கும் அதே இரண்டு சாண்தான் இருக்கிறது.

கோடையில் பிற்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் காரில் போகிறவர்கள் ஒரே பயணத்தில் மூன்று சட்டங்களைக் கடக்கிறார்கள். கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலை வழியாக பஃபலோ எல்லை வரை ஒன்ராறியோ விதி: குறை, முடிந்தால் மாறு. எல்லை தாண்டி நியூயோர்க்கில், ஓரத்தில் நிற்கும் எந்த வாகனமானாலும். அதைத் தாண்டி பென்சில்வேனியாவில், லேன் மாற முடியாவிட்டால் எழுதியிருக்கும் எல்லையைவிட 20 மைல் குறைவாகக் கடக்க வேண்டும். மிச்சிகன் பக்கம் போகிறவர்களுக்கு அது 10 மைல், லேன் மாறினாலும் சரி மாறாவிட்டாலும் சரி. பென்சில்வேனியாவில் 70 மைல் எல்லை உள்ள இடத்தில் அது 50 மைல். நம் காரின் முள்ளில் 80 கி.மீ.